வழக்கமாகக் கொடுப்பதில்லை

கருங்கல் பக்கத்தில் பாகம் வைக்கும் வீடுகளில் இந்த வாக்கியத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன்: "பொம்பளப் பிள்ளைக்கு நகையும் ரூபாயும் குடுத்தாச்சு. வீடும் விளையும் வழக்கமா ஆம்பளப் பிள்ளைகளுக்குத்தானே." சொல்பவர் கோபமாகச் சொல்வதில்லை. இடவப்பாதியில் மழை வரும் என்று சொல்வதுபோலச் சொல்வார். 1990-களில் என் பெரியம்மை இதைக் கேட்டுவிட்டு, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். தாத்தா 1979-இல் உயில் எழுதாமல் இறந்திருந்தார். தம்பிமாரோடு முகம் முறியக் கூடாது என்பது மட்டுமே பெரியம்மையின் கவலையாக இருந்தது.

'வழக்கமாக' என்பது ஒரு வினையடை. மழையைப் பற்றிய வாக்கியத்தில் அது வந்தால் கெடுதல் ஒன்றுமில்லை. கூலி, வரி, நிலம், ஆட்சி பற்றிய வாக்கியத்தில் வரும்போது அது மூன்று கேள்விகளை அடைத்துவிடுகிறது: யார் செய்தது? எப்போதிலிருந்து? யாருக்கு லாபம்? 'பெண்ணாளுக்கு வழக்கமாகக் கூலி குறைவு' என்று சொல்லும்போது குறைத்தவர் அந்த வாக்கியத்திலேயே இல்லை. 'மாமூல்' என்ற சொல்லையும் பாருங்கள். அரபியிலிருந்து வந்த அதற்கு, நடைமுறையில் உள்ளது, வழக்கமானது என்று பொருள். இன்று அது லஞ்சத்தின் பெயர். தவறாமல் வாங்கியதால் வாங்குவதே முறையாகிவிட்டது.

நம் மாவட்டத்தின் வரலாற்றைப் படித்தால், வழக்கம் என்று சொல்லப்படும் பலவற்றுக்கும் ஒரு தேதியும் ஓர் உத்தரவும் இருப்பது தெரியும்.

கருங்கல் உள்ளிட்ட இந்தப் பகுதி 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்பு திருவிதாங்கூரின் ஆட்சியில் இருந்தது. அங்கே 1829 பிப்ரவரி 3-இல் ராணி கௌரி பார்வதி பாயின் அரசு வெளியிட்ட பிரகடனம், நாடார் பெண்கள் மேலாடை அணிவதைத் தடுத்தது. கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் மட்டும் அனுமதிக்கப்பட்டது. அதே பிரகடனம் ஊழிய வேலையைப் பற்றியும் பேசியது. கூலியில்லாமல் அரசுக்குச் செய்துவந்த வேலையைத் தொடர்ந்து செய்ய வேண்டும் என்றது. உடம்பைப் பற்றிய உத்தரவும் உழைப்பைப் பற்றிய உத்தரவும் ஒரே தாளில் வந்ததைப் பார்த்தால், அது வெறும் உடை விவகாரம் இல்லை என்பது புரியும். 1859 ஜூலை 26-இல் வந்த பிரகடனம் மார்பை மறைக்க அனுமதித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது. வழக்கத்தைக் காப்பதாகச் சொன்ன அரசு, எது வழக்கம் என்பதைத் தானே முடிவு செய்துகொண்டிருந்தது.

சொத்து விஷயத்திலும் இப்படித்தான் நடந்தது. 1916-இல் வந்தது திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் சொத்து மகன்களுக்குப் போகும். மகளுக்கு ஸ்ரீதனம் மட்டும் உண்டு. ஒரு மகனின் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. தகப்பன் ஸ்ரீதனம் கொடுத்திருந்தாலோ, தருவதாகச் சொல்லியிருந்தாலோகூட, மகள் மேற்கொண்டு கேட்க முடியாது. விதவைக்குக் கிடைத்த பங்கும் அவள் சாகும்வரை அல்லது மறுமணம் செய்யும்வரை மட்டுமே.

அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு விதிவிலக்கு இருந்தது. இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கரில் சில பிரிவினருக்கும், குறிப்பிட்ட சில தாலுகாக்களில் வாழ்ந்த புராட்டஸ்டண்டுகளில் சிலருக்கும் இந்தப் பிரிவுகள் பொருந்தா என்றது. காரணம் என்ன தெரியுமா? அவர்களிடையே ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதே வழக்கமாக இருந்தது. ஆக, ஒரே சமஸ்தானத்தில், ஒரே மதத்தில், பெண்ணுக்குச் சமபங்கு கொடுப்பதும் வழக்கமாக இருந்திருக்கிறது. ஆனால் ஒரு வழக்கம் பொதுவிதியானது. மற்றொன்று விதிவிலக்கானது.

வழக்கத்தை மாற்றவே முடியாது என்பார்கள். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி இருந்தது. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போனது. அதனால் மனைவியும் மக்களும் பட்ட பாட்டைக் கவிமணி 'மருமக்கள் வழி மான்மியம்' என்று அங்கதமாகவே எழுதினார். சமூகத்தில் செல்வாக்குள்ளவர்கள் மாற்றம் வேண்டும் என்றதும், 1926-இல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கத்தை ஒரு சட்டம் மாற்றியது. வானம் இடிந்து விழவில்லை.

கிறிஸ்தவப் பெண்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1983-இல் மேரி ராய் உச்ச நீதிமன்றம் போனார். 1986 பிப்ரவரி 24-இல் தீர்ப்பு வந்தது. இந்தியச் சட்டங்கள் இந்தப் பகுதிக்கு நீட்டிக்கப்பட்ட 1951 ஏப்ரல் 1-ஆம் தேதியே 1916-ஆம் ஆண்டுச் சட்டம் ரத்தாகிவிட்டது, அன்றிலிருந்து 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது. அந்தச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. நீதிமன்றம் சமத்துவ உரிமை பற்றிய கேள்விக்குள் போகவில்லை. அந்த வழக்கம் அநீதி என்று சொல்லவும் இல்லை. பழைய சட்டம் எப்போதோ செத்துவிட்டது என்று மட்டும் சொன்னது.

அப்படியானால் ஏறக்குறைய 35 ஆண்டுகள் நம் பெண்களுக்குப் பங்கு கொடுக்காமல் வைத்தது எது? குமரி மாவட்டத்துக்குரிய சென்னை உயர் நீதிமன்றத்திலேயே 1970-களில் ஒரு நீதிபதி பழைய சட்டம் போய்விட்டது என்றார். பின்னர் இரு நீதிபதிகள் அமர்வு அதை மறுத்து, பழைய சட்டம் இன்னும் உண்டு என்றது. நீதிமன்றத்திலேயே இந்தக் குழப்பம். வீடுகளில் குழப்பமே இல்லை. 'வழக்கமா ஆம்பளப் பிள்ளைகளுக்குத்தானே' என்ற வாக்கியம் சட்டத்தின் வேலையைப் பார்த்துக்கொண்டது.

இது கிறிஸ்தவ வீடுகளின் கதை மட்டுமில்லை. பூர்விகச் சொத்தில் இந்துப் பெண்களுக்கும் உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. அந்த வீடுகளிலும் தங்கைகளிடம் கையெழுத்து வாங்குவது நின்றபாடில்லை.

பெரியம்மையின் கையெழுத்துக்கு வருகிறேன். தாத்தா இறந்தது 1979-இல், அதாவது 1951-க்குப் பின். 1986 தீர்ப்பின்படி அவர் இறந்த அன்றே பெரியம்மைக்குத் தம்பிமாருக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பத்திரத்தை வாசித்துக் காட்டியவர்களும் சொல்லவில்லை. ஆனால் பத்திரமே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. உரிமை இல்லாதவரிடம் யாரும் விடுதலைப் பத்திரம் கேட்பதில்லை.

தமிழில் 'வழக்கு' என்றால் நடைமுறை என்றும் பொருள், நீதிமன்றத்தில் தொடுப்பது என்றும் பொருள். எல்லாரும் நீதிமன்றம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தம்பியோடு பேச்சு நின்றுபோகும் பயம் உண்மையானது. அதைச் சிறுமைப்படுத்த எனக்கு உரிமையில்லை. ஆனால் அடுத்த முறை யாராவது 'வழக்கமாக' என்று தொடங்கினால், கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வியாவது கேட்போம்: எந்த வருஷத்திலிருந்து?