ஊவாவில் துவக்கும் சட்டத்தரணிகளும்

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இன்றி இலங்கையில் எவரும் துவக்கு வைத்திருக்க முடியாது. ஏட்டில் அது எல்லோருக்கும் பொது. ஊவாத் தோட்டங்களில் நிலைமை வேறு. துரைமாருக்கு 1900இல் உருவான தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை இருந்தது; லயத்து மக்களிடம் கவ்வாத்துக் கத்திதான் இருந்தது.

1940 ஜனவரி 10 அன்று ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காக வாதாடியவர் அப்புக்காத்து கொல்வின் ஆர். டி சில்வா. அதே வேளையில் தொழிலாளர் மீதும் வழக்கு நடந்தது. அதை ஒத்திவைக்கும்படி அமைச்சர் டி. பி. ஜயதிலக்க கேட்டார், பொலிஸ் மா அதிபர் மறுத்தார், ஆளுநர் கால்டிகொட் பொலிசின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் பதவி விலகினர். ஒரு தோட்டத்தில் வெடித்த துவக்கு அமைச்சரவையையே அசைத்துவிட்டது.

தோட்டத் தொழிலாளரின் போராட்டம் ஊவாவுக்கும் பரவியது. பிரக்கிராசியான எட்மண்ட் சமரக்கொடி தொழிலாளரோடு தங்கிச் சங்கம் கட்டினார். பதுளை நீதவான் கூட்டங்களுக்குத் தடை விதித்தார். மே 12இல் இடதுசாரித் தலைவர் என். எம். பெரேரா தடையை மீறிப் பதுளையில் பேசினார். வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அதைக் கலந்தே நடப்பதாகத் துரை இணங்கினார். அடக்க வந்த பொலிசாரின் துவக்குகளைத் தொழிலாளர் பறித்தார்கள். அந்தத் துணிச்சலைவிடத் துரையின் இணக்கமே பெரிய வெற்றி. பின்னர் வெள்ளம் ஊவாவைத் துண்டித்தது. பொலிசின் கொடுமையும் சேர்ந்து போராட்டத்தை முறித்தது. ஜூனில் கொல்வினும் சமரக்கொடியும் வழக்கு விசாரணையே இல்லாமல் சிறை வைக்கப்பட்டார்கள்.

1971 ஏப்ரல் 5 அதிகாலை, அதே ஊவாவில், மொனராகலை மாவட்டத்தின் வெல்லவாய பொலிஸ் நிலையத்தை அரசுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியாளர் தாக்கினர். வேட்டைத் துவக்கும் கையால் செய்த குண்டுமே அவ்வெழுச்சியின் முக்கிய ஆயுதங்கள். சிக்கியவர்களை விசாரிக்க 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. சாதாரண நீதிமன்றம் ஏற்காத, பொலிசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அது சாட்சியமாக ஏற்றது. அதைக் கொண்டுவந்த அரசில் கொல்வின் அமைச்சர். பொலிஸ் துவக்கைக் கேள்வி கேட்டவர், விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர், இதற்கு உடன்பட்டது அவர் வாழ்வின் பெரும் சறுக்கல். 1977இல் வந்த அடுத்த அரசு அச்சட்டத்தை நீக்கியது. கிளர்ச்சியின் தலைவர் ரோகண விஜேவீர உள்ளிட்ட கைதிகள் விடுதலையானார்கள்.