அனுமதி கேட்ட சத்தம்

சத்தம் வந்த பாதை – 12

போன வாரம் பீட்டில்ஸை லிவர்பூலில் விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் சிங்கப்பூர், ஃபேரர் பார்க்.

ராக் இசைக்கும் தேக்காப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கிப் பார்க்கலாம். ஒரு வாசலில் ஏறினால் சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசத்தன்று காவடிகள் டேங் ரோட்டுக்குப் புறப்படுகிற இடம். இன்னொரு வாசலில் ஏறினால் சிட்டி ஸ்குவேர் மால். அந்தப் பளபளப்புக்குக் கொஞ்சமும் ஒட்டாமல் அங்கே பழைய நுழைவாயில் ஒன்று நிற்கும். ‘நியூ வேர்ல்டு’ என்ற கேளிக்கைப் பூங்காவில் மிச்சமிருப்பது அதுதான். இந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவே சாலையைக் கடக்கிற தூரம்தான். இந்த வாரக் கதை அதற்குள் அடங்கிவிடும்.

நியூ வேர்ல்டை 1923-ல் ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹாக் என்ற சகோதரர்கள் திறந்தார்கள். மலாய் பங்சாவான் நாடகம், சீன மேடைப்பாட்டு, குத்துச்சண்டை, கேபரே எல்லாம் ஒரே மதிலுக்குள். கிரேட் வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டு என்று இன்னும் இரண்டு ‘உலகங்கள்’ பின்னால் வந்தன. இங்கெல்லாம் வாசித்த பேண்டுகள் சம்பளத்துக்கு வாசித்தவை. பள்ளிக்கூடப் பையன்கள் தாங்களே கூடி கிதாரைத் தூக்கியது, கேலாங்கில் இருந்த ஹேப்பி வேர்ல்டு அரங்கில் நடந்த ஒரு கச்சேரிக்குப் பிறகுதான்.

அது 1961 நவம்பர். மேடையில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும். கிளிஃப் நம் ஊர்ப் பக்கத்தில் பிறந்தவர்: லக்னோ, 1940, இயற்பெயர் ஹாரி வெப். ஆனால் சிங்கப்பூர்ப் பையன்களைக் கட்டிப்போட்டது அவருக்குப் பின்னால் நின்ற நால்வர். கண்ணாடி போட்ட ஹாங்க் மார்வின், ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரின் கம்பிகளை மீட்டிவிட்டு, பாலத்தில் இருக்கும் சின்ன நெம்பை உள்ளங்கையால் மெல்ல அழுத்துவார். சுரம் தண்ணீரில் நிழல் ஆடுவதுபோல் ஆடும். எக்கோ பெட்டி அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கும். இரண்டு கிதார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். பாட்டே தேவையில்லை.

விஷயம் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. பாட்டு என்றால் மொழி வரும். மொழி என்றால் உச்சரிப்பு வரும். வீட்டில் ஹொக்கியனும் மலாயும் தமிழும் மலையாளமும் பேசிய பையன்களுக்கு வார்த்தையே இல்லாத இசை சமதளமாக அமைந்தது. குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ‘தி குவெஸ்ட்ஸ்’ ஆனார்கள். பின்னர் அதில் கிதார் வாசித்த ரெஜி வர்கீஸ் இந்திய வம்சாவளி. 1964-ல் வந்த அவர்களுடைய ‘ஷாண்டி’ வார்த்தை இல்லாத கிதார் மெட்டு. அது சிங்கப்பூர்ப் பட்டியலில் பீட்டில்ஸைக் கீழே தள்ளி முதலிடம் பிடித்தது. அதற்கு முன்பே, 1963-ல், சூசன் லிம் பாடிய ‘கிரெசெண்டோஸ்’ குழுவை பிலிப்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் செய்திருந்தது. மலாய் இளைஞர்கள் பீட்டில்ஸின் கூவலையே பெயராக்கி ‘பாப் யே யே’ என்று தனிப் பாணியையே உண்டாக்கினார்கள். 1965 பிப்ரவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் கில்லிமார்ட் ரோடு பூப்பந்து மண்டபத்துக்கு வந்தபோது, ஊரில் ஏற்கெனவே கிதார் ஒலித்துக்கொண்டிருந்தது.

ராக் வரலாற்றில் அதிகம் செல்வாக்குச் செலுத்தியவர்கள் பட்டியல் எதை எடுத்தாலும் ஷேடோஸ் எங்கோ அடியில் இருப்பார்கள், அல்லது இருக்கவே மாட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து பட்டியல் போட்டால் அவர்கள்தான் முதலில். செல்வாக்கு என்பது எத்தனை தட்டு விற்றது என்ற கணக்கில் இல்லை. யாருடைய கையைக் கிதார்ப் பக்கம் நீள வைத்தது என்பதில் இருக்கிறது.

பிறகு கதவுகள் சாத்தப்பட்டன. ‘மஞ்சள் கலாசாரம்’ என்று சொல்லப்பட்ட சீரழிவுக் கலாசாரத்துக்கு எதிர்ப்பு, போதைப்பொருள் பயம், ஹிப்பி பயம் எல்லாம் சேர்ந்து 1970-களில் முடியின் மேல் வந்து இறங்கின. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால், காதை மூடினால், சட்டைக் காலரைத் தாண்டினால் அது நீளமுடி. நீளமுடி வைத்த ஆண்களுக்குக் கடைசியாகத்தான் சேவை என்று அரசு அலுவலகங்களில் படத்துடன் சுவரொட்டி தொங்கியது. 1972-ல் லெட் ஸெப்பலின் வந்தார்கள். முடி காரணமாகக் கச்சேரி நடக்கவில்லை.

இதே காலத்தில் சாலையின் இந்தப் பக்கம், பெருமாள் கோயில் வாசலில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1973-ல் தைப்பூசப் பாத ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. கோஷ்டிகளுக்குள் போட்டி, கைகலப்பு, ஊர்வலத்துக்கு இடைஞ்சல் என்று காரணம் சொன்னார்கள். கிதாரும் உறுமியும் ஒரே பத்தாண்டில் சந்தேகப் பட்டியலில் ஏறின. கூட்டத்தைக் கிளப்பிவிடும் சத்தம் எதுவானாலும் அனுமதிச் சீட்டோடு வர வேண்டும் என்பதே அதன் பொருள்.

இப்போது ஒரு எட்டு பர்மிங்காம் போய்வருவோம். 1965, ஒரு தகரத் தொழிற்சாலை. பதினேழு வயது டோனி அயோமிக்கு அன்றுதான் கடைசி நாள் வேலை. இயந்திரத்தில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துவது அந்தக் கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்தார். மேலே பழைய தோல் ஜாக்கெட்டின் துண்டை ஒட்டினார். கம்பி மெலிதாக இருந்தால்தான் வலிக்காது என்று மெல்லிய கம்பி போட்டார். பின்னாளில் சுருதியையும் இறக்கினார். கம்பி தளர்ந்தது, ஒலி மேலும் கனத்தது. 1970-ல் வந்த, அவருடைய ‘பிளாக் சபாத்’ குழுவின் முதல் தட்டின் கனத்த ஒலியிலிருந்துதான் ஹெவி மெட்டல் பிறந்தது.

அந்தத் தட்டின் முதல் பாட்டில் அச்சுறுத்தும் சுரம் ஒன்று வரும். ஆதார சுருதியிலிருந்து ஆறு அரைச்சுரம் தள்ளி நிற்பது. ஐரோப்பாவில் அதற்குச் சாத்தானின் இடைவெளி என்று பேர். நமக்கு அது பிரதி மத்திமம். 72 மேளகர்த்தாக்களில் சரிபாதியான 36-ல் இருக்கிறது. கல்யாணி பாடும் எந்தப் பாட்டியும் தினமும் தொட்டுவிட்டுப் போகிற சுரம். நம் காதுக்கு அதில் சாத்தான் யாரும் இல்லை.

1992-ல் சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர்கள் தொடங்கிய ‘ருத்ரா’ குழு அந்தக் காலியிடத்தில்தான் நின்றது. மேற்கின் டெத் மெட்டலும் பிளாக் மெட்டலும் சாத்தானையும் சாவையும் பாடிக்கொண்டிருந்தபோது, அதே உறுமல் குரலையும் அதே இடி டிரம்ஸையும் வைத்துக்கொண்டு இவர்கள் உபநிடதத்தைப் பாடினார்கள். பேஸ் வாசித்துப் பாடும் கதிர், வேதாந்தத்தை முறையாகப் பயின்றவர். ஆங்கிலப் பாட்டுக்கு நடுவே சமஸ்கிருத சுலோகம் வரும். 1998-ல் முதல் ஆல்பம், 2003-ல் ‘குருக்ஷேத்ரா’, 2005, 2009, 2011-ல் ‘பிரம்மவித்யா’ என்ற பெயரில் மூன்று. ‘வேதிக் மெட்டல்’ என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது. இங்கிருக்கும் யூஜின் தைரியநாதன் போன்ற இசை ஆய்வாளர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதும் அளவுக்கு அது வளர்ந்தது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளின் குழுவில் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் முழங்கிய அளவுக்குத் தமிழ் முழங்கவில்லை. ‘உருத்திரன்’ தேவாரத்துக்கும் தெரிந்த பெயர்தான். அந்த வாசலை வேறு யாராவது இனித் திறக்க வேண்டும்.

அனுமதிக் கதை இன்னும் முடியவில்லை. 2019 மார்ச்சில் ஸ்வீடனின் ‘வாட்டேன்’ என்ற பிளாக் மெட்டல் குழுவின் கச்சேரி, நடக்க வேண்டிய அன்றே ரத்தானது. ஆனால் 2016 தைப்பூசத்தில் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. 1973-ல் அடங்கிய தோல் கருவி, பாதையோரத்தில் நின்றபடி மறுபடி பேசியது.

நியூ வேர்ல்டு 1987-ல் மூடப்பட்டது. மிச்சம் ஒரு வாசல்தான். ருத்ரா 2022-லும் புது ஆல்பம் போட்டது; பெயர் ‘எய்ட் மகாவித்யாஸ்’.

அடுத்த வாரம்: பிரேசில் காட்டுக்குள் கிதாரோடு போன ‘செபுல்துரா’.

(தொடரும்)