மையவாதம் (கட்டுரை)

வாதக் கட்டுரை நிறுவ முயலும் முடிவை ஒன்றிரண்டு வாக்கியங்களில் சொல்வது மையவாதம். பெரும்பாலும் முன்னுரையின் இறுதியில் இடம்பெறும். தலைப்பு வேறு, மையவாதம் வேறு. ‘பள்ளிகளில் கைப்பேசி’ என்பது தலைப்பு. ‘கைப்பேசியால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு’ என்பது எவரும் மறுக்காத பொதுப்பேச்சு. ‘பாடவேளையில் கவனம் சிதறுவதால், உயர்நிலைப் பள்ளிகள் மாணவரின் கைப்பேசியைக் காலையில் வாங்கி வைத்து மாலையில் தர வேண்டும்’ என்றால் யார், என்ன, ஏன் மூன்றும் தெளிவாகின்றன. அவசரத்துக்குப் பெற்றோர் எப்படித் தொடர்புகொள்வது என்ற மறுப்பும் உடனே எழுகிறது. கட்டுரைக்கு வேலை கிடைக்கிறது.

நிறுவ வேண்டிய கூற்றைப் பழுதின்றி அமைக்கும் அக்கறை தமிழில் பழையது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் கற்பிக்கும் பௌத்த அளவையியலில், நிறுவ எடுத்துக்கொண்ட கூற்றுக்குப் ‘பக்கம்’ என்று பெயர். பழுதுபட்ட கூற்று ‘பக்கப்போலி’. அது 9 வகை. ஒலி செவிக்குப் புலனாகாது என்பது கண்கூடான அனுபவத்துக்கு முரணான போலி. எதிராளி ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை நிறுவப் புகுவதும் போலிதான்: நிலையாமைக் கொள்கையுடைய பௌத்தரிடமே ஒலி நிலையற்றது என்று வாதிடுவது அங்கே காட்டப்படும் எடுத்துக்காட்டு. கட்டுரை எழுதப் பழகுவோர் இந்தப் பகுதியை உரையுடன் ஒருமுறை படித்துவிட வேண்டும்.