கிரெடிட் வந்த கதை

வணிகவியல் படிக்கும் நம்மிடம் கிரெடிட் எங்கே என்று கேட்டால் பேரேட்டின் வலது பக்கத்தைக் காட்டுவோம். அதே சொல் நம் மதிப்பெண் பட்டியலிலும் ஒவ்வொரு பாடத்துக்கு நேராகவும் உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் படித்து வாங்கிய கிரெடிட்டை இன்னொரு கல்லூரி சில சமயம் வாங்கிக்கொள்கிறது, சில சமயம் தள்ளிவிடுகிறது. ஏன்? தேடிப் படித்துக்கொண்டே போனால் கதை ஒரு பென்ஷன் திட்டத்தில் போய் நிற்கிறது. ஆமாம் நண்பர்களே, பென்ஷன்தான்!

1905-இல் எஃகு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னெகி, அமெரிக்கக் கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1 கோடி டாலர் கொடுத்தார். அதை நிர்வகிக்க அமைந்த கார்னெகி அறக்கட்டளைக்கு ஒரு சிக்கல். எதைக் கல்லூரி என்று ஒப்புக்கொள்வது? அன்றைக்கு அங்கே உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே தெளிவான கோடு கிடையாது. எனவே அறக்கட்டளை ஒரு நிபந்தனை போட்டது: பள்ளியில் 14 யூனிட் முடித்தவர்களைத்தான் கல்லூரியில் சேர்க்க வேண்டும். ஒரு யூனிட் என்றால் ஒரு பாடத்தில் ஓராண்டில் சுமார் 120 மணி நேர வகுப்பு. பென்ஷன் வேண்டுமே, கல்லூரிகள் ஒப்புக்கொண்டன.

1910-இல் இதே அறக்கட்டளை மாரிஸ் குக் என்ற பொறியாளரின் அறிக்கையை வெளியிட்டது. கல்லூரிகளின் செலவை ஒப்பிட அவர் எடுத்துக்கொண்ட அலகு, ஒரு மாணவர் வகுப்பில் இருக்கும் ஒரு மணி நேரம். நாம் படிக்கும் அடக்கவிலைக் கணக்கியலேதான்! கவனியுங்கள், மாணவர் எவ்வளவு கற்றார் என்பது இதில் எங்கும் இல்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதுதான் கணக்கு.

ஆனாலும் இதில் ஒரு வசதி இருந்தது. பொதுவான அலகு வந்ததால் படிப்பை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு எடுத்துப்போக முடிந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் திரும்பியபோது, ராணுவப் பயிற்சிக்கு எத்தனை கிரெடிட் தரலாம் என்று அமெரிக்கக் கல்விக் கவுன்சில் மதிப்பிடத் தொடங்கியது. அது வெறும் பரிந்துரை மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் வாங்கும் கல்லூரியின் விருப்பம்.

அந்த விருப்பத்துக்கு விலை கொடுப்பது மாணவர்தான். 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய அமெரிக்க மாணவர்கள், சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்ததாக அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2017-இல் மதிப்பிட்டது. கட்டிய பணமும் போச்சு, படித்த நாளும் போச்சு.

இணையப் பாடம் வந்ததும் வகுப்பு நேரம் என்ற அளவுகோலே ஆட்டம் கண்டது. 2012-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் இணைய வளாகம், உடாசிட்டியின் இலவசக் கணினிப் பாடத்தை முடித்து, 89 டாலர் கட்டி மேற்பார்வைத் தேர்வு எழுதினால் கிரெடிட் தருவதாக அறிவித்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தால், வாங்க ஒருவர்கூட வரவில்லை! அன்றைய இலவசப் பாடங்களில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள் என்பது இன்னொரு ஆய்வில் தெரிந்தது. பட்டம் தேவைப்பட்டவர்களிடம் பாடம் போய்ச் சேரவில்லை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் தளத்தில் படிக்கலாம் என்று விதி கொண்டுவந்தது. 2021-இல் அதை 40 சதவீதமாக்கியது. அதே ஆண்டில் கிரெடிட்டைச் சேர்த்துவைக்க ஒரு வங்கியும் தொடங்கப்பட்டது. பெயர்தான் வங்கி. போட்டுவைத்த கிரெடிட் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள்தான் செல்லும். வட்டியும் கிடையாது :-)

ஆனால் அடிப்படை மாறவில்லை. எந்தப் பாடம் நம் பட்டத்துக்குச் செல்லும் என்பதைப் பட்டம் தரும் நிறுவனம்தான் முடிவு செய்கிறது. எனவே இணையப் பாடத்தில் சேருமுன், அதை ஏற்கிறோம் என்று துறையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடித்த பிறகு சான்றிதழோடு போய் நின்றால், மறுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு, கேட்க நமக்கு ஆதாரம் இருக்காது.

ஒவ்வொரு வரவுக்கும் எங்கோ ஒரு பற்று உண்டு என்பது நாம் முதலாண்டில் படித்த பாடம். நூறாண்டுக்கு மேலான இந்தக் கணக்கில், ஏற்கப்படாத கிரெடிட்டெல்லாம் மாணவர் பெயரில்தான் பற்று வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஒரு பங்காவது மறுக்கும் கல்லூரியின் பெயரில் எழுதும் விதி வரும்வரை, வங்கி என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது.