மைதானமா, நான்கு சுவர்களா?

உடற்பயிற்சியைத் திறந்த வெளியில் பலரோடு சேர்ந்து செய்வதா, ஜிம்மிற்குச் சென்று செய்வதா என்னும் கேள்வி இன்று நம் இல்லங்களில் எழுகின்றது. இஸ்லாமிய வரலாற்றில் இவ்விரண்டிற்கும் முன்மாதிரி உண்டு.

மதீனாவின் பயிற்சிக்களம் திறந்த வெளியே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயத்தை இப்னு உமர் (ரலி) அறிவிக்கின்றார்கள். பந்தயத்திற்குப் பழக்கப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல் ஓடின. பழக்கப்படாதவற்றிற்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைலே எல்லை. திறனுக்கேற்பத் தூரம் வகுக்கப்பட்டது.

அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டபோது, தாம் ஓர் அணியுடன் இருப்பதாக நபியவர்கள் கூறினார்கள். நபியவர்கள் சேர்ந்த அணியை எதிர்த்து எய்யத் தயங்கி, மற்ற அணியினர் கையை நிறுத்திக்கொண்டனர். உடனே, தாம் அனைவருடனும் இருப்பதாகக் கூறி எய்யும்படி பணித்தார்கள். ஒருவரும் ஒதுங்கி நிற்க விடப்படவில்லை.

சுவர்களுக்குள் நிகழும் பயிற்சிக்கு ஈரானின் ஸூர்கானா சான்று. 'வலிமையின் இல்லம்' என்பது அதன் பொருள். தரைமட்டத்திற்குக் கீழ் அமைந்த எண்கோணக் களத்தில் வீரர்கள் வட்டமாக நின்று கர்லாக்கட்டை சுழற்றுவர். உயர்ந்த இருக்கையில் அமர்ந்த முர்ஷித் முரசு கொட்டிக் கவிதை பாட, அனைவரும் அத்தாளத்திற்கேற்ப இயங்குவர். இம்மரபை யுனெஸ்கோ 2010இல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

மைதானத்திலும் மண்டபத்திலும் மாறாதிருந்தது தோழமை. இன்றைய ஜிம்மில் கருவிகள் நிறைந்துள்ளன. எனினும் காதில் இயர்போனும் எதிரில் கண்ணாடியுமாகத் தனித்து நிற்கும் இளைஞர், ஒரு நாள் வராவிடில் ஏனென்று கேட்பவர் எவருமிலர். மாதக் கட்டணம் செலுத்த இயலாதோருக்கோ அக்கதவே திறப்பதில்லை.

பெண்களின் நிலை வேறு. ஒரு பயணத்தில் நபியவர்கள் தோழர்களை முன்னே செல்லச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். பெண்ணின் ஓட்டத்திற்குத் தடையில்லை. அவருக்குரிய தனிமையும் காக்கப்பட்டது. அத்தகைய வெளி இன்று நம் சகோதரிகளுக்கு எங்கே உள்ளது?

ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஆண்கள், முதியோரையும் அழைத்துக்கொண்டு, மைதானத்தில் கூடலாம். மதரஸா மண்டபத்தைக் குறித்த நேரத்தில் பெண்களின் பயிற்சிக்கென ஒதுக்கலாம். இரண்டும் நம் மஹல்லாக்களால் இயலக்கூடியவையே. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைச் சேர்ந்தே பேணிட வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.