பேசிய குரலும் பாடிய குரலும்

நருட்டோ பார்த்தவர்களுக்கு ஹினாட்டாவை நன்றாகத் தெரியும். கூச்சத்தில் பாதி வார்த்தையை விழுங்கிவிடும் பெண். ஜப்பானிய மொழியில் அவளுக்குப் பேசியவர் மிசுகி நானா. அதே மிசுகி 2011 டிசம்பரில் டோக்கியோ டோம் ஸ்டேடியத்தில் இரண்டு நாள் கச்சேரி செய்தவர் என்றால் நம்ப முடிகிறதா? எனக்கு முடியவில்லை. தேடிப் படித்த பிறகுதான் நம்பினேன்.

சின்ன வயதில் என்கா என்ற பழைய பாணிப் பாட்டைக் கற்றவர். 1998-ல் டப்பிங்குக்கு வந்தார், 2000-ல் முதல் சிங்கிள். (சிங்கிள் என்றால் ஒரு பாட்டை முக்கியமாக வைத்து விற்கும் சின்ன சிடி.) 2010 ஜனவரியில் வந்த 'ஃபாண்டம் மைண்ட்ஸ்' ஜப்பானின் ஓரிகான் வாரப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. டப்பிங் கலைஞர் ஒருவரின் தனி சிங்கிள் அந்த இடத்துக்குப் போனது அதுவே முதல் முறை. 'நனோஹா' என்ற அனிமே படத்தின் தீம் பாட்டு அது. அந்தப் படத்தில் ஃபேட் என்ற பாத்திரத்துக்குப் பேசியவரும் இவரே.

இந்தப் பாதையைப் போட்டவர் ஹயஷிபாரா மெகுமி. 'ஸ்லேயர்ஸ்' தொடரின் நாயகிக்கு அவர்தான் குரல். 1996-ல் அதே தொடரின் ஆரம்பப் பாட்டையும் பாடினார். அங்கே பாட்டுக் கம்பெனியே அனிமே தயாரிப்பில் பணம் போடுவதுண்டு. வாராவாரம் டிவியில் ஒன்றரை நிமிடம் ஓடும் ஆரம்பப் பாட்டு அவர்களுக்குச் செலவில்லாத விளம்பரம். பேசுகிறவர் பெயரையும் முகத்தையும் சிடி அட்டையில் போட்டால் ரசிகர்கள் வாங்குவார்கள். ஆக, மறைந்திருந்த ஆளை வெளியே கொண்டுவந்தது வியாபாரம்தான்!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மைக் மோகன் ஞாபகம் இருக்கிறதா? 'பயணங்கள் முடிவதில்லை' (1982) முதல் மைக்கும் கையுமாக நின்றதால் வந்த பட்டம் அது. அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை எஸ்.பி.பி. பாடியவை. 'மௌன ராகம்' (1986) உட்பட அவர் நடித்த ஏராளமான படங்களில் வசனம் பேசியவர் எஸ்.என். சுரேந்தர். பேசியவர் ஒருவர், பாடியவர் ஒருவர், மைக் பட்டம் மூன்றாமவருக்கு! (மோகனைக் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் குரலுக்கும் ஒரே முகம் பொருத்துவது லேசான வேலையா?)

இதில் வேடிக்கை, சுரேந்தரும் பாடகர்தான். விஜய்யின் தாய்மாமா என்று சொன்னால் பலருக்குச் சட்டென்று தெரியும். 'ஊமை விழிகள்' (1986) படத்தில் சசிரேகாவுடன் அவர் பாடிய டூயட் இன்றும் ஒலிக்கிறது. மோகன் நடித்த 'நான் பாடும் பாடல்' (1984) படத்திலும் ஜானகியுடன் ஒரு டூயட் உண்டு. ஜப்பானில் இருந்திருந்தால் "மோகனின் குரல் பாடுகிறது" என்று கேசட் அட்டையிலேயே போட்டு விற்றிருப்பார்கள். இங்கே, மோகன் பேசுவது மோகனின் சொந்தக் குரல் என்று ஜனங்கள் நினைப்பதில்தான் வியாபாரமே இருந்தது.

எங்கள் ஊர் கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான், ராமானுஜர் சொல்லச் சொல்ல ஸ்ரீபாஷ்யத்தை ஓலையில் எழுதினார் என்பார்கள். நூல் ராமானுஜருடையது, ஆனால் எழுதியவர் பெயரும் ஆயிரம் வருஷமாக விட்டுப்போகவில்லை. சினிமாவில் நாற்பது வருஷத்துக்குள் மறந்துவிடுகிறோம்.

பேச்சும் பாட்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு '96' (2018) பாருங்கள். த்ரிஷாவுக்குப் பேசியவரும் பாடியவரும் சின்மயி. கரண்ட் போன வீட்டில் ஜானு தளபதி படப் பாட்டைப் பாடுகிறாளே, அங்கே பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே ஆரம்பித்தது என்ற ஒட்டே தெரியாது. வேறு பாடகி பாடியிருந்தால் அந்தக் காட்சி பாதிதான்.

படம் வந்தது அக்டோபரில். நவம்பரில், சந்தா பாக்கி என்று காரணம் சொல்லி டப்பிங் யூனியன் சின்மயியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. மீ டூ பற்றிப் பேசியதற்கான தண்டனை இது என்றார் அவர். த்ரிஷாவுக்குத் தமிழில் அவர் குரல் மறுபடி கேட்டது 2023-ல், 'லியோ'வில்.