‘பாஸ் அவுட்’: நகைப்புக்கு உள்ளான ஒரு பழைய வழக்கு

அண்மையில் இணையவழிக் கருத்தரங்கு ஒன்றில் ஆய்வு மாணவி ஒருவர், தாம் 2019இல் முதுகலை ‘பாஸ் அவுட்’ ஆனதாக ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொண்டார். அயல்நாட்டுப் பேராசிரியர் ஒருவர், “மயக்கம் எப்போது தெளிந்தது?” என்று வேடிக்கையாகக் கேட்டார். அவை சிரித்தது. அம்மாணவி அதன்பின் வாய் திறக்கவில்லை.

வினையோடு ஓர் இடைச்சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் இத்தகைய கூட்டுவினைகளே அயலாருக்குப் பெரும் இடர் தருவன என்று, 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் குறிப்பிட்டுள்ளார். தமிழில் ‘கைவிடு’ என்பதைக் கையும் விடுதலுமாகப் பிரித்துப் பொருள்கொள்ள இயலாததைப் போன்றதே இதுவும்.

இன்றைய அமெரிக்க, பிரித்தானியப் பேச்சுவழக்கில் ‘பாஸ் அவுட்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது மயங்கி விழுதலே. ஆனால் அப்பொருள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வழக்கில் பரவியது. அதற்குச் சற்று முன்னர் அமெரிக்கக் கொச்சை வழக்கில் அது இறத்தலைக் குறித்தது.

பயிற்சியை முடித்து வெளியேறுதல் என்னும் பொருளோ அதனினும் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு அதிகாரிகளை உருவாக்க இங்கிலாந்தில் நடத்திய அடிஸ்கோம் பயிற்சிக்கல்லூரி (1809–1861), அரசின் வூலிச் கல்லூரி ஆகியவற்றில் பயின்றோரைப் பற்றிய ஆங்கில வாழ்க்கைக் குறிப்புகளில் இவ்வழக்கு இயல்பாகப் பயில்கிறது. கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டனும் அடிஸ்கோமில் பயின்றவரே. 1932இல் டேராடூனில் தொடங்கப்பெற்ற இந்திய இராணுவக் கழகத்தில், பயிற்சி முடித்தோரின் அணிவகுப்பு இன்றும் ‘பாசிங் அவுட் பரேட்’ என்றே வழங்குகிறது. 1934 டிசம்பரில் அங்கிருந்து வெளியேறிய முதல் அணியில் சாம் மானெக்‌ஷாவும் இருந்தார். அவர் மயங்கி விழுந்ததாக எவரும் பொருள்கொள்வதில்லை.

படைத்துறைக் கல்லூரிகளுக்கு உரிய அப்பொருளை நாம் எல்லாக் கல்லூரிகளுக்கும் விரித்துக்கொண்டோம். மொழியியலார் இதனைப் பொருள் விரிவு என்பர். பிழை என்று கூறார்.

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் ‘கிராஜுவேட்’ என்றே எழுதுவது நன்று; படிப்பவருக்கு மயக்கம் நேராது. அது இடமறிந்து சொல் தேர்தல் ஆகும். பழையதொரு வழக்கைக் கையாண்டமைக்காக ஒரு மாணவி தலைகுனிய வேண்டியதில்லை. அடுத்த முறை அவையில் சிரிப்பு எழுமாயின், ஆசிரியர்களாகிய நாம் அதில் கலந்துகொள்ளாது இவ்வரலாற்றை எடுத்துரைப்போம். அன்று நானும் வாளாவிருந்தேன் என்பதே இப்பதிவுக்குக் காரணம்.